ஆவடியா, பெங்களூரா, ஐதராபாத்தா? ராணுவத் தளவாட வேலைக்கு ஆசைப்படும் நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருவில் மட்டும் இந்த வருஷம் மூன்று பிள்ளைகள் படிப்பை முடித்திருக்கிறார்கள். ஒருவன் மெக்கானிக்கல், ஒருத்தி எலக்ட்ரானிக்ஸ், இன்னொருவன் ஐ.டி.ஐ.யில் மெஷினிஸ்ட். மூன்று பேருக்கும் ஒரே ஆசை. ராணுவத்துக்கு வண்டியோ விமானமோ ஏவுகணையோ செய்கிற இடத்தில் வேலைக்குப் போக வேண்டும். 2025 மே மாதம் ஆபரேஷன் சிந்தூர் நடந்த நாட்களில் டீக்கடையில்கூட ஆகாஷ், பிரமோஸ் ஏவுகணைகள் பற்றித்தான் பேச்சு. அதற்கப்புறம் இந்த ஆசை நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கூடித்தான் போயிருக்கிறது.

"மாமா, நீங்க அம்பத்தூர்ல இருந்தீங்களே, எங்க போனா நல்லதுன்னு சொல்லுங்க" என்று அந்தப் பெண் கேட்டாள். வாசலில் நின்றபடி சொல்லி முடிக்கிற விஷயமாக அது இல்லை. புதுச்சேரிப் பக்கத்துப் பாகூரிலிருந்தும் நெல்லிக்குப்பத்திலிருந்தும்கூட இதே கேள்வியோடு போன் வருகிறது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்னப் பட்டறையில் 22 வருஷம் இருந்தேன். டாங்கிக்கும் பாகம் கடைந்து கொடுத்தோம், விமானத்துக்கும் கொடுத்தோம். அந்த அனுபவத்தில் தெரிந்ததைத்தான் சொல்கிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

"எது பெரிய துறை?" என்று கேட்டுக்கொண்டு யாரும் முடிவெடுக்கக் கூடாது. எல்லாமே பெரிய துறைதான். நான் ஐந்து விஷயங்களைப் பார்ப்பேன்.

முதலாவது, உள்ளே போகும் வழி. ஐ.டி.ஐ.க்கு எது, டிப்ளமோவுக்கு எது, பி.இ.க்கு எது. இரண்டாவது, காத்திருப்பு. நீங்கள் கை வைத்த பொருள் படைக்குப் போய்ச் சேர எத்தனை வருஷம் ஆகும். மூன்றாவது, வீட்டுக்கு எவ்வளவு பக்கம். நான்காவது, அங்கே கற்ற தொழில் வெளியே செல்லுபடியாகுமா. ஐந்தாவது, கட்டுப்பாடுகள்.

இவற்றில் காத்திருப்புக்குத்தான் நான் அதிக எடை கொடுப்பேன். சம்பளத்தை எல்லோரும் விசாரிக்கிறார்கள், காத்திருப்பை யாரும் விசாரிப்பதில்லை. இந்தத் துறையை விட்டு மனம் நொந்து வெளியே வந்தவர்களில் நான் பார்த்த பலர், சம்பளம் போதாமல் வந்தவர்கள் இல்லை. பத்து வருஷம் உழைத்த பொருள் கண் முன்னால் ஓடாததால் வந்தவர்கள்.

## ஆவடி: டாங்கியும் கவச வண்டியும்

கடலூரிலிருந்து பஸ் ஏறினால் அரை நாளில் போய்விடலாம். ஊர்க்காரர்கள் இன்னும் 'டேங்க் ஃபேக்டரி' என்று சொல்கிற கனரக வாகனத் தொழிற்சாலையில் 1965-லேயே விஜயந்தா டாங்கி வெளிவந்தது. அப்புறம் டி-72, டி-90, அர்ஜுன். 2021 அக்டோபரில் படைக்கலத் தொழிற்சாலைகளை ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரித்தபோது, கவச வாகனங்களுக்கான நிறுவனத்தின் தலைமையிடமும் ஆவடிக்கே வந்தது. பக்கத்திலேயே அரசின் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் போர் வாகன ஆய்வு நிறுவனம் இருக்கிறது. ஒரு இடத்தில் வரைகிறார்கள், கூப்பிடு தூரத்தில் செய்கிறார்கள். இந்த வசதி மற்ற இடங்களில் இவ்வளவு நெருக்கமாகக் கிடைப்பது அபூர்வம்.

காத்திருப்பு எப்படி? அர்ஜுன் திட்டத்துக்கு 1974-ல் அனுமதி கிடைத்தது. ராணுவத்தில் சேர்ந்தது 2004-ல். முப்பது வருஷம். முதல் வகையில் 124 வண்டிகள். மேம்படுத்திய மார்க் 1ஏ வகையில் 118 வண்டிகளுக்கு 2021 செப்டம்பரில் சுமார் 7,523 கோடி ரூபாய்க்கு ஆர்டர் வந்தது. டி-90 நாற்பத்தாறு டன் சொச்சம், புது அர்ஜுன் 68 டன். இந்த எடைதான் அதன் மீது வரும் பெரிய விமர்சனம். பாலம், ரயில் வேகன், மலைப்பாதை எல்லாவற்றுக்கும் எடை கணக்கு உண்டு. ஆனால் எடையை மட்டும் பார்த்து அதைக் குறைத்துப் பேசுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். டி-90-இல் சக்கரங்களைத் தாங்குவது முறுக்குக் கம்பி. அர்ஜுனில் எண்ணெயும் வாயுவும் சேர்ந்து தாங்கும் அமைப்பு. அது ஆவடியிலேயே உருவானது. மேடு பள்ளத்தில் ஓடிக்கொண்டே சுடும்போது அந்த வித்தியாசம் தெரியும்.

இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. 2020-ல் லடாக்கில் சீனாவோடு உரசல் வந்த பிறகு, மலைக்கு ஏறும் இலகு டாங்கி தேவைப்பட்டது. 25 டன் எடையுள்ள 'ஜோராவர்' டாங்கியை ஆவடி ஆய்வு நிறுவனமும் எல் அண்ட் டி.யும் சேர்ந்து உருவாக்கி 2024 ஜூலையில் குஜராத் ஹசீராவில் காட்டினார்கள். அர்ஜுனுக்கு முப்பது வருஷம் பிடித்த நாட்டில், இது சுமார் இரண்டே வருஷத்தில் ஓடியது. அர்ஜுனில் இருப்பது ஜெர்மன் எஞ்சின். அந்தக் குறையைத் தீர்க்க, 1,500 குதிரைத் திறன் கொண்ட உள்நாட்டு எஞ்சினை 2024 மார்ச்சில் மைசூரில் முதல் முறை ஓட்டிப் பார்த்தார்கள். எஞ்சின், கியர் பெட்டி, பல்சக்கரம் என்று ஆசைப்படும் மெக்கானிக்கல் பிள்ளைக்கு இது நல்ல காலம்.

உள்நாட்டில் உருவான தேஜஸ் போர் விமானத்தில் எஞ்சினோடு இணைந்து ஜெனரேட்டர், பம்பு எல்லாவற்றையும் சுழற்றும் ஒரு கியர் பெட்டி உண்டு. அதையும் ஆவடியில்தான் வடிவமைத்தார்கள். டாங்கி வேலைக்குப் போனால் விமானத்தைத் தொட முடியாது என்று நினைத்து ஆவடியை ஒதுக்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளட்டும்.

வெளியே தெரியாத செலவு என்னவென்றால், ஐ.டி.ஐ. படித்தவர்களுக்கு இப்போது வருகிற அறிவிப்புகளில் பல ஒப்பந்த வேலை. அப்பா காலத்து 'சென்ட்ரல் கவர்மென்ட் வேலை, ரிட்டயர் ஆகும்வரை கவலையில்லை' என்ற எண்ணத்தோடு போகாதீர்கள். அறிவிப்பில் 'நிலையான கால ஒப்பந்தம்' என்று இருக்கிறதா என்று ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள். ஆய்வுப் பக்கம் போகிறவர்களுக்கு வேறு செலவு. டாங்கியை ஓட்டிப் பார்ப்பது ஆவடியில் மட்டும் முடியாது. கோடையில் ராஜஸ்தான் பாலைவனத்துப் பொக்ரானுக்குப் போய் வாரக்கணக்கில் மணலில் இருக்க வேண்டியிருக்கும்.

ஐ.டி.ஐ., டிப்ளமோ பிள்ளைகளுக்கும், வீட்டில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர்களுக்கும் ஆவடிதான் என் முதல் பதில். இதோடு திருச்சியையும் பாருங்கள். அங்கே படைக்கலத் தொழிற்சாலையும் உண்டு, டாங்கிக் குண்டின் டங்ஸ்டன் கலவை முனையைச் செய்யும் ஆலையும் உண்டு. நமக்கு ஆவடியை விடத் தொலைவு இல்லை. ஏனோ நம் பிள்ளைகள் அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை.

## பெங்களூர்: விமானம்

ஒரு சம்பவம் சொன்னால்தான் விமான வேலை என்ன என்று புரியும்.

பட்டறையில் ஒருநாள் அலுமினியக் கலவையில் ஒரு தாங்கி கடைந்து முடித்தோம். உள்ளங்கை அளவு. எல்லா அளவும் 15 மைக்ரானுக்குள் நின்றது. அதாவது தலைமுடித் தடிமனில் ஐந்தில் ஒரு பங்கு. பொட்டலம் கட்டும்போது ஒரு பையனின் கை தவறி, மேசை விளிம்பில் லேசாக உரசியது. நகத்தை வைத்து இழுத்தால் மட்டும் தட்டுப்படும் கீறல். பரிசோதிக்க வந்தவர் அதைப் பார்த்தார், சிவப்புச் சீட்டைக் கட்டினார், தள்ளி வைத்தார். இரண்டு நாள் உழைப்பு. விமானத்தின் பாகம் ஒவ்வொரு பறப்பிலும் வளைந்து நிமிரும், அந்தக் கீறலில்தான் விரிசல் பிடிக்க ஆரம்பிக்கும் என்று பொறுமையாகச் சொன்னார். அதே வாரம் டாங்கிக்குப் போன ஒரு இரும்புப் பாகத்தில் அதே மாதிரி கீறல் இருந்தது. தேய்த்துச் சரி செய்து கொடுங்கள் என்று வாங்கிக்கொண்டார்கள். இரண்டுமே அந்தந்தப் பொருளுக்குச் சரியான முடிவு.

அந்தச் சிவப்புச் சீட்டைப் பார்த்து எரிச்சல் வருகிறவருக்கு விமான வேலை ஒத்துவராது. 'அதானே நியாயம்' என்று தோன்றுகிறவருக்கு இதைவிட நல்ல தொழில் கிடையாது.

பெங்களூரில் விமானம் செய்யும் அரசு நிறுவனமான எச்.ஏ.எல். 1940-ல் தொடங்கியது. தேஜஸை வடிவமைத்த ஏ.டி.ஏ. 1984-ல் வந்தது. எஞ்சின் ஆய்வகம், ஆளில்லா விமான ஆய்வகம், தேஜஸின் கார்பன் இழைப் பாகங்களுக்கு உழைத்த தேசிய விண்வெளி ஆய்வகம் எல்லாம் அதே ஊரில். தேஜஸ் திட்டம் 1983-ல் தொடங்கி, 2001 ஜனவரி 4-ல் முதல்முறை பறந்து, 2016 ஜூலை 1-ல் விமானப்படையில் சேர்ந்தது. 33 வருஷம். 1983-ல் 25 வயதில் சேர்ந்த பொறியாளர், படைப்பிரிவில் தேஜஸ் நிற்பதைப் பார்த்தபோது அவருக்கு 58 வயது.

2021-ல் 83 தேஜஸ் மார்க் 1ஏ விமானங்களுக்கு ஆர்டர் வந்தது. அவற்றுக்கான அமெரிக்க எஃப்-404 எஞ்சினில் முதலாவது வந்ததே 2025 மார்ச்சில்தான். உடலைச் செய்து வைத்துக்கொண்டு எஞ்சினுக்காகக் காத்திருக்கும் வேதனை இந்தத் துறையில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். நம்முடைய காவேரி எஞ்சின் போதுமான உந்துவிசை தராமல் 2008-ல் தேஜஸிலிருந்து பிரிக்கப்பட்டது. என்னைக் கேட்டால், இந்த நாட்டில் ஒரு இளைஞர் கை வைக்க வேண்டிய மிகக் கடினமான, மிகத் தேவையான வேலை ஜெட் எஞ்சின்தான். அதிக வெப்பம் தாங்கும் உலோகம், ஒற்றைப் படிகமாக வார்க்கும் சுழலித் தகடு என்று வாழ்நாள் முழுக்கப் படிக்க விஷயம் இருக்கிறது. பொறுமை இருக்கிறவர்கள் தயவுசெய்து அங்கே போங்கள்.

புதுச்சேரிப் பிள்ளைகளுக்கு இங்கே ஒரு தனி வாய்ப்பு உண்டு. ரஃபேல் பிரெஞ்சு விமானம். துருவ் ஹெலிகாப்டரில் இருக்கும் 'சக்தி' எஞ்சின் பிரெஞ்சு சஃப்ரானோடு சேர்ந்து உருவானது. மும்பை மசகானில் கட்டிய கல்வரி வகை நீர்மூழ்கிகள் பிரெஞ்சு வடிவம். கடற்படைக்கு 26 ரஃபேல் வாங்க 2025 ஏப்ரலில் ஒப்பந்தம் ஆகியிருக்கிறது. தாத்தா சொல்தாவாக, அதாவது பிரெஞ்சு ராணுவச் சிப்பாயாக, பிரான்சுக்குப் போன குடும்பங்கள் புதுச்சேரியில் எத்தனையோ. அந்த வீடுகளில் பிரெஞ்சு இன்னும் காதில் விழுகிறது. பொறியியலோடு பிரெஞ்சும் சேர்ந்தால், கையேடு படிக்கவும் அங்கிருந்து வரும் ஆட்களோடு வேலை செய்யவும் அதன் மதிப்பே வேறு. பள்ளியில் மதிப்பெண்ணுக்காகப் பிரெஞ்சு எடுத்தவர்கள் அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

மறைந்திருக்கும் செலவு பெங்களூர் வாடகை. அதை எல்லோரும் அறிவார்கள். விமான வேலை என்றாலே பெங்களூர் என்று முடிவு கட்டவும் வேண்டாம். தேஜஸ் மார்க் 1ஏ.யின் இறக்கைகளை எல் அண்ட் டி. கோவையில் செய்து 2025 ஜூலையில் முதல் ஜோடியை ஒப்படைத்தது. தேஜஸ் படைப்பிரிவுகள் பல வருஷம் நின்றதும் கோவைக்குப் பக்கத்துச் சூலூரில்தான்.

## ஐதராபாத்: ஏவுகணை

எலக்ட்ரானிக்ஸ், கட்டுப்பாட்டுப் பொறியியல், வேதியியல் படித்தவர்களுக்கு இதுதான் தாய்வீடு. டி.ஆர்.டி.எல்., ஆர்.சி.ஐ., ஏ.எஸ்.எல். என்று டி.ஆர்.டி.ஓ.வின் மூன்று ஏவுகணை ஆய்வகங்கள் ஒரே ஊரில். 1970-ல் தொடங்கிய பாரத் டைனமிக்ஸ் தயாரிப்பைப் பார்க்கிறது.

காத்திருப்பு இங்கே ஒரே மாதிரி இல்லை. 1983-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த ஏவுகணைத் திட்டத்தில் பிருத்வி 1988-லும் அக்னி 1989-லும் பறந்தன. அதே திட்டத்தில் பிறந்த ஆகாஷ் படைக்குப் போக முப்பது வருஷம் ஆனது. ரஷ்யாவோடு சேர்ந்து செய்த பிரமோஸுக்கு 1998-ல் ஒப்பந்தம், 2001-ல் முதல் சோதனை, 2024-ல் பிலிப்பைன்ஸுக்கே ஏற்றுமதி. ஆகவே 'ஏவுகணை' என்று பொதுவாகக் கேட்காமல், எந்தத் திட்டம், எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கேட்டுப் போங்கள். ஒன்று மட்டும் நிச்சயம். இங்கே நடுவில் சோதனைகள் நிறைய வரும். ஒடிசாக் கடலோரச் சோதனைத் தளங்களான சண்டிப்பூரிலோ அப்துல் கலாம் தீவிலோ ஒரு ஏவல் நடக்கும்போது, நாலு வருஷ உழைப்புக்குச் சில நிமிடங்களில் பதில் கிடைத்துவிடும்.

டாங்கி பழுதானால் திறந்து பார்க்கலாம். ஏவுகணை பத்து வருஷம் பெட்டிக்குள் கிடக்கும். கூப்பிட்ட அன்றைக்கு முதல் முயற்சியிலேயே வேலை செய்ய வேண்டும். ராணுவ மின்னணுக் கருவிகளுக்கான ஜே.எஸ்.எஸ். 55555 என்ற தரவிதியில் சூடு, குளிர், அதிர்வு, தூசு எல்லாச் சோதனையும் உண்டு. உப்பு மூடுபனிச் சோதனையும் உண்டு. ஐந்து சதவீத உப்புக் கரைசலைப் புகையாக்கி, மூடிய அறையில் கருவிமேல் படிய விடுவார்கள். தேவனாம்பட்டினத்தில் வண்டி நிறுத்துகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெள்ளிக் கடற்கரைக்கு எதிரே ஆறு மாதம் நின்ற என் ஸ்கூட்டரின் ஸ்விட்சைத் திறந்தபோது, உள்ளே செம்பு பச்சை பூத்துக் கிடந்தது. கடற்படைக் கப்பலில் நிற்கும் ஏவுகணையின் கனெக்டருக்கு அது நடக்கக் கூடாது.

கட்டுப்பாடு இங்கேதான் அதிகம். பெரும்பாலான வேலையைப் பற்றி வீட்டில்கூட வாய் திறக்க முடியாது. 1923-ஆம் வருஷத்து அலுவலக ரகசியச் சட்டம் இன்றும் அமலில் இருக்கிறது. வெளிநாடு போக முன் அனுமதி வேண்டும். நீங்கள் எழுதிய மிகச் சிறந்த நிரலை அடுத்த வேலைக்கான நேர்காணலில் காட்ட முடியாது. கற்ற தொழில் வெளியே செல்லுபடியாகும், ஆனால் அதை நிரூபிப்பது சிரமம். இதைச் சேரும் முன்பே யோசியுங்கள்.

## ட்ரோன்: அவசரக்காரர்களுக்கு

சென்னையிலும் கோவையிலும் சின்னக் கம்பெனிகள் நிறைய வந்துவிட்டன. 2018-ல் பாதுகாப்பு அமைச்சகம் தொடங்கிய ஐடெக்ஸ் திட்டம் புது நிறுவனங்களுக்கு நிதி தருகிறது. 2022 பிப்ரவரியில் முழுதாகச் செய்த ட்ரோன்களின் இறக்குமதியைச் சில விலக்குகளோடு தடை செய்தார்கள். இன்று வரைந்தது அடுத்த மாதம் பறக்கும். மாதக்கணக்கில் காத்திருப்பதே அதிகம்.

ஆனால் மோட்டாரும் பேட்டரியும் விமானக் கட்டுப்பாட்டு அட்டையும் சீனாவிலிருந்து வாங்கி மாட்டினால் அது உருவாக்கம் ஆகாது. ராணுவமும் இப்போது அதில் கறாராக இருக்கிறது. சேரும் முன் 'எதை நீங்களே செய்கிறீர்கள்?' என்று கேளுங்கள். பணம் வருவதும் ஒரு பிரச்சினை. சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் வருஷச் சட்டம் சொல்கிறது. எங்கள் பட்டறைக்கு ஒரு வாடிக்கையாளரிடமிருந்து ஒரு பில் வர பதினோரு மாதம் ஆனது. அதில் நாலு மாதம் எங்களுக்குப் பாதிச் சம்பளம். சின்ன இடத்தில் சேருகிறவர்கள் ஆறு மாதச் செலவுக்குக் கையில் வைத்துக்கொண்டு சேருங்கள்.

## ஒரே பார்வையில்

| | ஆவடி | பெங்களூர் | ஐதராபாத் | ட்ரோன் |
|---|---|---|---|---|
| யாருக்கு எளிது | ஐ.டி.ஐ., டிப்ளமோ, மெக்கானிக்கல் | ஏரோ, மெக்கானிக்கல், கணினி | எலக்ட்ரானிக்ஸ், வேதியியல், கணினி | எந்தப் பிரிவும், கைவேலை தெரிந்தால் |
| காத்திருப்பு | முன்பு 30 வருஷம், இப்போது குறைகிறது | மிக அதிகம் | திட்டத்தைப் பொறுத்து | மாதங்கள் |
| கடலூரிலிருந்து | அரை நாளுக்குள் | ஒரு பகல் அல்லது இரவுப் பஸ் | இரவு ரயிலும் அதற்கு மேலும் | சென்னை பக்கம், கோவை தூரம் |
| வெளியே மதிப்பு | கார், டிராக்டர் ஆலைகளில் நன்று | உலகம் முழுக்க | உண்டு, காட்டுவது கடினம் | நன்று |
| மறைந்த செலவு | ஒப்பந்த வேலை | வாடகை, எஞ்சின் தாமதம் | ரகசியம் | சம்பளத் தாமதம் |

டி.ஆர்.டி.ஓ. ஆய்வகம் எந்த ஊரில் இருந்தாலும் விஞ்ஞானி 'பி' என்ற தொடக்க விஞ்ஞானி பணிக்கு முக்கிய வழி பொறியியல் பட்டதாரிகளுக்கான கேட் தேர்வு மதிப்பெண்தான். அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாயில் தொடங்கும். கேட் மதிப்பெண் மூன்று வருஷம் செல்லும். டிப்ளமோவுக்கும் ஐ.டி.ஐ.க்கும் டி.ஆர்.டி.ஓ.வே நடத்தும் செப்டாம் தேர்வு. முதல் படிக்கு அப்ரண்டிஸ் பயிற்சியை நான் வலியுறுத்திச் சொல்வேன். ஒரு வருஷம் உள்ளே இருந்து பார்த்தால், உங்களுக்கு ஒத்துவருமா என்பது தெரிந்துவிடும்.

## அம்மாக்கள் கேட்கும் கேள்வி

மெக்கானிக்கல் பையனின் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏன்ணா, உயிரை எடுக்கிற சாமானைத்தானே செய்யப் போறான்?" என்று கேட்டார். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னத்தைத் தாண்டிப் போகும் போதெல்லாம் எனக்கும் அந்தக் கேள்வி வரும். ஆம், அதைத்தான் செய்கிறோம் என்று அவரிடம் சொன்னேன். மழுப்பவில்லை. எல்லையில் நிற்கும் பிள்ளை கையில் உருப்படாத பொருள் இருக்கக் கூடாது என்பது என் நம்பிக்கை. அதனால் நான் அந்த வேலையைச் செய்தேன். ஏவுகணைக்காகக் கண்டுபிடித்த இலகுப் பொருளில் போலியோ பாதித்த குழந்தைகளுக்குக் காலில் மாட்டும் தாங்கி செய்ததையும் சொன்னேன். கிலோக்கணக்கில் இருந்தது சில நூறு கிராமாகக் குறைந்தது. ஆனாலும் அந்தக் கேள்வி மனசில் உறுத்தினால், அந்தப் பிள்ளை இந்தத் துறைக்கு வர வேண்டாம். உறுத்தலோடு முப்பது வருஷம் உழைக்க முடியாது.

## கடைசியாக ஒரு காகித வேலை

இதில்தான் நம் பக்கத்துப் பிள்ளைகள் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். பாகூரில் வீடு, கடலூரில் படிப்பு என்றால் ஒரு சான்றிதழ் புதுச்சேரி, ஒன்று தமிழ்நாடு. மத்திய அரசின் ஓ.பி.சி. பட்டியல் இரண்டுக்கும் தனித்தனி. தமிழ்நாட்டின் எம்.பி.சி. சான்றிதழை அப்படியே மத்திய அரசு வேலைக்குக் கொடுத்தால் ஏற்க மாட்டார்கள். மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயர் இல்லை என்ற குறிப்போடு தனியாக வாங்க வேண்டும். போலீஸ் விசாரணைக்கு வருபவர் பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் இனிஷியல் ஒன்றாக இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்.

எங்கள் தெருப் பெண் கேட் தேர்வுக்குப் படிக்க ஆரம்பித்துவிட்டாள். ஐ.டி.ஐ. பையன் ஆவடி அப்ரண்டிஸுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறான். மெக்கானிக்கல் பையன் இன்னும் முடிவு செய்யவில்லை. அவனுக்குச் சான்றிதழில் 'கே', ஆதாரில் 'ஆர்'. திங்கட்கிழமை காலையில் இரண்டு பேரும் தாலுகா ஆபீசுக்குப் போகிறோம்.